செனட்டர் நாற்காலி இரண்டு முறை: வேதமூர்த்தியின் பயணம் நமக்குச் சொல்வது என்ன?

பண்டமாரான் – மேலவைக்கு இந்தியர் ஒருவர் நியமிக்கப்பட்டால் நம் சமூகத்தில் ஒரு வாரம் கொண்டாட்டம்தான். மாலை, பொன்னாடை, பத்திரிகையில் வாழ்த்து விளம்பரம், கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா. பிறகு அந்தச் செனட்டர் மூன்று ஆண்டுகளில் என்ன பேசினார், எதைச் சாதித்தார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பதவி முடிந்ததும் அவரும் மறக்கப்படுகிறார். அவர் எடுத்துச் சென்ற மனுக்களும் மறக்கப்படுகின்றன.

இதில் யாரும் மறக்க முடியாத ஒரு பெயர் உண்டு: பொ. வேதமூர்த்தி. ஹிண்ட்ராஃப் இயக்கத்தை வழிநடத்தியவர். ஐந்தாண்டு இடைவெளியில், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அரசாங்கங்களில் பதவி வகித்தவர். 2013இல் நஜிப்பின் தேசிய முன்னணி, 2018இல் மகாதீரின் பக்காத்தான் ஹராப்பான். இரண்டு முறையும் நாடாளுமன்றத்துக்குள் அவர் நுழைந்த வாசல் மேலவைதான். முதல் முறை ஒன்பது மாதங்கள், இரண்டாவது முறை சுமார் 19 மாதங்கள். அதோடு பதவி முடிந்தது.

அவரை ஆதரிப்பவர்களும் உண்டு, துரோகி என்று திட்டுபவர்களும் உண்டு. அந்தப் பட்டிமன்றம் இங்கே தேவையில்லை. நியமனப் பதவியால் ஒரு சமூகத்தின் கோரிக்கையை எவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்ற கேள்விக்கு, அவருடைய அரசியல் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை. அதனால்தான் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேலவை யாருடையது?

முதலில் செனட்டர் பதவி என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். மேலவையில், அதாவது டேவான் நெகாராவில், 70 இடங்கள். 13 மாநிலச் சட்டமன்றங்கள் தலா இருவரைத் தேர்ந்தெடுக்கின்றன, அது 26. மீதி 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். நடைமுறையில் பிரதமரின் ஆலோசனைப்படியே அந்த நியமனம் நடக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுகள். ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது.

1957இல் நிலைமை வேறு. அப்போது மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22 பேர், நியமிக்கப்பட்டவர்கள் 16 பேர். மாநிலங்களின் குரலாக இருக்க வேண்டிய சபை அது. பின்னாளில் செய்யப்பட்ட திருத்தங்களால் நியமன உறுப்பினர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், இன்று அவர்களே பெரும்பான்மை.

நமக்கு முக்கியமான செய்தி ஒன்று அரசியலமைப்பின் 45ஆவது பிரிவில் இருக்கிறது. பொதுச் சேவையிலோ தொழிலிலோ கலையிலோ சிறந்து விளங்கியவர்கள் மட்டுமின்றி, சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்களையும் செனட்டராக நியமிக்கலாம் என்று அது சொல்கிறது. எனவே இந்தியர் ஒருவர் செனட்டராவது யாரோ போடும் பிச்சையல்ல. சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது.

அமைச்சராகவோ துணையமைச்சராகவோ ஆக வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். தேர்தலில் நிற்காதவரை, அல்லது நின்று தோற்றவரை, அமைச்சரவைக்குள் கொண்டுவர எல்லாப் பிரதமர்களும் பயன்படுத்தும் வழி இந்தச் செனட்டர் பதவி. 2022 டிசம்பரில் சரஸ்வதி கந்தசாமி துணையமைச்சரானதும் செனட்டராகத்தான். இதில் சட்டத் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாக்காளர் கொடுத்த பதவியை வாக்காளர்தான் பறிக்க முடியும். பிரதமர் கொடுத்த அமைச்சர் பதவிக்குப் பின்னால் ஒரு தொகுதியும் இல்லை, ஒரு வாக்குப்பெட்டியும் இல்லை.

கிள்ளான் நீதிமன்றத்தில் ஒரு நவம்பர்

வழக்கறிஞரான வேதமூர்த்தியின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது 2007இல். நாடு சுதந்திரப் பொன்விழா கொண்டாடிய அந்த ஆகஸ்ட் மாத இறுதியில், பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு எதிராக லண்டனில் அவர் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விட்டுச் சென்றதற்கு இழப்பீடு, மொத்தம் 4 லட்சம் கோடி அமெரிக்க டாலர். அந்தத் தொகை கிடைக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, அடுக்குமாடிகளிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் ஒதுங்கிய குடும்பங்களுக்கு, தங்கள் கதையை ஒருவர் நீதிமன்றம் வரை கொண்டு போயிருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. அதன் பிறகு மக்களின் கோபத்தை யாராலும் அடக்க முடியவில்லை.

நவம்பர் 23ஆம் தேதி வேதமூர்த்தி, அவருடைய அண்ணன் உதயகுமார், வழக்கறிஞர் வீ. கணபதிராவ் ஆகிய மூவரும் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தையில் பேசிய பேச்சுக்காக நிந்தனைச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு. பேசியது தமிழில். அந்தத் தமிழ்ப் பேச்சின் மூலத்தை அரசுத் தரப்பு முறையாகச் சமர்ப்பிக்கவில்லை என்ற காரணத்தால் நவம்பர் 26ஆம் தேதி மூவரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இடையில் நவம்பர் 25. பத்துமலையிலும் ஜாலான் அம்பாங்கிலும் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்த ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் வட்டாரத்திலிருந்து மட்டும் எத்தனை பேர் போனார்கள் என்பதை அந்த வயதுக்காரர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

டிசம்பர் 13ஆம் தேதி உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவர் இசா சட்டத்தில் கமுண்டிங் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டில் இருந்த வேதமூர்த்தி லண்டனில் தங்க நேர்ந்தது. 2008இல் அவருடைய கடப்பிதழ் ரத்து செய்யப்பட்டது. நாடற்றவர்களுக்காகப் பேசியவரே நாடு திரும்ப முடியாதவரானார்.

2008 மார்ச் 8ஆம் தேதி, 12ஆவது பொதுத் தேர்தல். தேசிய முன்னணி 222 இடங்களில் 140ஐ மட்டுமே பெற்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்ற ம.இ.கா. மூன்றில் மட்டும் வென்றது. சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். சிலாங்கூர் கைமாறியது. கமுண்டிங்கில் அடைபட்டிருந்த மனோகரனைக் கோத்தா அலாம் ஷா மக்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஹிண்ட்ராஃப்பின் பலம் எது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அது வாக்குப்பெட்டி. எந்தப் பதவியும் இல்லாமல், தலைவர்கள் சிறையிலும் வெளிநாட்டிலும் இருந்தபோதுதான் அந்த இயக்கம் அரசாங்கத்தை அதிகம் பயமுறுத்தியது.

21 நாள் உண்ணாவிரதம், ஒன்பது மாதப் பதவி

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி வேதமூர்த்தி ஜொகூர் வழியாக நாடு திரும்பினார். 2008 அக்டோபரில் தடை செய்யப்பட்ட ஹிண்ட்ராஃப்பின் மீதான தடை 2013 ஜனவரியில் நீக்கப்பட்டது. மார்ச் மாதம் ரவாங்கில் ஒரு கோயிலில் 21 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். தங்களுடைய ஐந்தாண்டுத் திட்டத்தை இரு கூட்டணிகளும் ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. இரு தரப்புடனும் பேச்சு நடந்தது. கையெழுத்திட வந்தது தேசிய முன்னணி.

ஏப்ரல் 18ஆம் தேதி, நஜிப் முன்னிலையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இடம்பெயர்க்கப்பட்ட தோட்டப் பாட்டாளிகளின் மறுவாழ்வு, குடியுரிமை இல்லாதவர்களின் பிரச்சினை, கல்வி வாய்ப்பு, வேலையும் வணிகமும் என நான்கு துறைகள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத பட்டியல்.

ஆனால் அது சட்டமல்ல, புரிந்துணர்வு. தேர்தலுக்கு இரண்டே வாரம் இருந்த நேரத்தில் போடப்பட்டது. சமூகத்தின் வாக்கு மே 5ஆம் தேதியே போய்விடும். வாக்குறுதியோ ஐந்து ஆண்டுகளில் வர வேண்டும். விலையை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருக்கும் வியாபாரம் அது.

தேர்தல் முடிந்ததும் மே மாதம் வேதமூர்த்தி பிரதமர் துறையின் துணையமைச்சரானார், செனட்டரும் ஆனார். அண்ணன் உதயகுமார் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. கோத்தா ராஜாவில் சுயேச்சையாக நின்று தோற்றார். 2007இல் பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்காக 2013 ஜூனில் நிந்தனைச் சட்டத்தில் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தம்பி புத்ராஜெயாவில், அண்ணன் காஜாங் சிறையில். ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகள்.

2014 பிப்ரவரியில் வேதமூர்த்தி துணையமைச்சர் பதவியையும் செனட்டர் பதவியையும் துறந்தார். ஒப்பந்தத்தில் சொன்னபடி அரசாங்கம் நடக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். இதில் அவருக்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று சொல்லித் தாமாகப் பதவியை விட்டு வந்தவர்கள் நம் அரசியலில் எத்தனை பேர்?

ஆனால் அந்த ராஜினாமாவால் அரசாங்கத்துக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இடைத்தேர்தல் வரவில்லை, ஒரு தொகுதியும் கைவிட்டுப் போகவில்லை. தொகுதி உறுப்பினர் ஒருவர் விலகினால் ஆளும் கட்சி மக்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். செனட்டர் விலகினால் அவருக்குப் பதில் இன்னொருவருக்கு நியமனக் கடிதம் போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது நாற்காலி

2018 மே 9ஆம் தேதி ஆட்சி மாறியது. தேர்தலில் பக்காத்தானை ஆதரித்த வேதமூர்த்தி ஜூலை மாதம் செனட்டராகி, தேசிய ஒருமைப்பாடு, சமூக நலனுக்குப் பொறுப்பான பிரதமர் துறை அமைச்சரானார். இந்த முறை துணையமைச்சர் அல்ல, முழு அமைச்சர். குலசேகரன், கோபிந்த் சிங், சேவியர் ஜெயக்குமார் ஆகியோருடன் அமைச்சரவையில் நான்கு இந்திய வம்சாவளியினர். அவர்களில் மற்ற மூவரும் தொகுதியில் வென்று வந்தவர்கள். இவர் ஒருவர்தான் செனட்டர்.

அந்த வேறுபாடு விரைவிலேயே தெரிந்தது. செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய மகாதீர், மனித உரிமை உடன்படிக்கைகளை ஏற்கப்போவதாக அறிவித்தார். அதன்படி இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையான ஐசெர்ட்டைப் பற்றி எடுத்துச் சொல்லும் பொறுப்பு வேதமூர்த்தியிடம் வந்தது. அம்னோவும் பாஸும் கடுமையாக எதிர்த்தன. நவம்பர் 23ஆம் தேதி, ஐசெர்ட்டை ஏற்கப்போவதில்லை என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. அறிவிப்பு பிரதமருடையது, பின்வாங்கலும் பிரதமருடையது; வசவு மட்டும் அமைச்சருக்கு.

மூன்று நாட்களில் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் ஆலயக் கலவரம். அதில் காயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17ஆம் தேதி உயிரிழந்தார். நாடே துயரப்பட்ட மரணம் அது. வேதமூர்த்தி பதவி விலக வேண்டும் என்ற குரல்கள் வலுத்தன. அவர் பதவியில் நீடித்தார். ஆனால் அதன் பிறகு ஒருமைப்பாட்டு அமைச்சராக அவர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பு எழும் நிலைதான்.

சாதனையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. செடிக் என்றிருந்த பிரிவு அவர் காலத்தில் மித்ராவானது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கீடு. 60 வயதைக் கடந்த, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்ற அறிவிப்பு 2018இல் வந்தது. வாழ்நாள் முழுவதும் இந்த மண்ணில் உழைத்து, தேர்தல் நாளில் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்த முதியவர்களுக்கு அது சிறிய செய்தியல்ல.

2020 பிப்ரவரி 24ஆம் தேதி பக்காத்தான் ஆட்சி கவிழ்ந்தது. அமைச்சர் பதவியும் அன்றே போனது. மித்ரா அதன் பிறகு பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெயர் இருக்கிறது, பணம் இருக்கிறது. யாருடைய கையில் என்பதுதான் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது.

அதே நீதிமன்றம், வேறு பாதை

2007 நவம்பரில் கிள்ளான் நீதிமன்றத்தில் வேதமூர்த்தியுடன் நின்றவர்களில் ஒருவர் கணபதிராவ் என்று பார்த்தோம். இசாவிலிருந்து வெளியே வந்த அவர் ஜ.செ.க. வேட்பாளராக 2013இல் கோத்தா அலாம் ஷாவிலும், 2018இல் கோத்தா கெமுனிங்கிலும் வென்று சட்டமன்ற உறுப்பினரானார்; சிலாங்கூர் ஆட்சிக்குழுவிலும் இருந்தார். 2022இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். பண்டமாரான் சட்டமன்றத் தொகுதி அடங்கியிருப்பது அந்த நாடாளுமன்றத் தொகுதியில்தான்.

கணபதிராவ் எல்லாம் சாதித்தார், வேதமூர்த்தி ஒன்றும் சாதிக்கவில்லை என்பது இதன் பொருளல்ல. கட்சிக்குள் இருப்பவருக்குக் கட்சிக் கட்டுப்பாடு உண்டு. பேச வேண்டிய இடத்தில் அடக்கி வாசிக்க வேண்டியும் வரும். ஆனால் பண்டமாரானில் வடிகால் அடைத்தாலும், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் கிடைக்காவிட்டாலும், மக்கள் போய் நிற்பது தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில். கோபம் வந்தால் ஐந்தாண்டில் கணக்குத் தீர்க்கலாம். மூன்று தேர்தல்களில் மூன்று முறை மக்கள் முன் நின்றவரை, ஒரு பிரதமர் நினைத்தால் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்ற முடியாது. செனட்டரிடம் அந்தப் பலமும் இல்லை. நமக்கு அவர்மேல் அந்தப் பிடியும் இல்லை.

மற்ற நாடுகளில்

நியமன மேலவை நமக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலைப் பாருங்கள். அங்கே மேலவையில் 100 இடங்கள். அதில் 65 பேரை அதிபரே நியமிப்பார். 2012இல் பெருவெள்ளம் வந்தபோது, புதிதாகப் பதவிக்கு வந்திருந்த அதிபர் மாக்கி சால் அந்தச் சபையையே கலைத்து, அதன் செலவை வெள்ள நிவாரணத்துக்குத் திருப்பினார். அதே வட்டாரத்திலுள்ள நைஜீரியாவில் 109 செனட்டர்கள். அனைவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அங்கே செனட்டர் என்றால் தொகுதியும் உண்டு, தோல்வியும் உண்டு.

செனகலைப் போல் மேலவையை ஒழிப்பது நமக்கு நல்லதல்ல. சிறுபான்மைக்குச் சட்டமே ஒதுக்கிய வாசலை நாமே அடைப்பதாகிவிடும். நைஜீரியா வழிக்கு நம் அரசியலமைப்பே இடம் கொடுக்கிறது. மாநிலச் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும், நியமன இடங்களைக் குறைக்கவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அதே 45ஆவது பிரிவு சொல்கிறது. இத்தனை ஆண்டுகளில் எந்த அரசாங்கமும் அதைத் தொடவில்லை. நியமிக்கும் அதிகாரத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

நாம் கேட்க வேண்டியது

'மேலவைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, வெறும் முத்திரை குத்தும் சபைதானே' என்று பலரும் சொல்வார்கள். சாதாரண மசோதாக்களில் அது ஓரளவு உண்மை. மேலவையால் அவற்றை ஓராண்டு வரை, நிதி மசோதாக்களை ஒரு மாதம் வரை தாமதப்படுத்த மட்டுமே முடியும். ஆனால் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மேலவையிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். 70 பேர் இருந்தால் 47 வாக்குகள். அங்கே செனட்டரின் ஒவ்வொரு வாக்கும் கணக்கில் வரும்.

அப்படிப்பட்ட திருத்தம் ஒன்று அண்மையில்தான் வந்தது. 2024 அக்டோபரில் மக்களவையும் டிசம்பரில் மேலவையும் குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேற்றின. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அதில் நல்ல செய்தி இருந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது. பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளை சட்டப்படி குடிமகனாகும் என்ற பழைய ஏற்பாடு அதில் நீக்கப்பட்டது. நிரந்தரவாசி என்றால் யார்? சிவப்பு அடையாள அட்டைக்காரர். தோட்டத்தில் பிறந்து, பத்திரம் இல்லாமல் வளர்ந்து, வயதான காலத்தில் சிவப்பு அட்டையோடு நிற்கும் குடும்பங்கள் எந்தச் சமூகத்தில் இருக்கின்றன என்பதைக் கிள்ளானில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த நாளில் நம் சமூகத்தின் பெயரால் மேலவையில் அமர்ந்திருந்தவர்கள் என்ன பேசினார்கள், எப்படி வாக்களித்தார்கள்? விடை ரகசியமல்ல. மேலவையின் நடவடிக்கைக் குறிப்புகள் நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. பொன்னாடை போர்த்தும் முன் அதைப் படிக்கும் பழக்கம் நம் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் வர வேண்டும்.

அடுத்த பொதுத் தேர்தல் வரும்போது மறுபடியும் ஒப்பந்தங்கள் வரும், செனட்டர் பதவி தருகிறோம் என்ற பேச்சும் வரும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகளை முன்வைக்கலாம். முதலாவது, வாக்குறுதிக்குத் தேதியும் தொகையும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, நியமிக்கப்படும் செனட்டர் ஆண்டுக்கு ஒருமுறையாவது மக்கள் மண்டபத்தில் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். எத்தனை குடியுரிமை மனுக்களை எடுத்துச் சென்றார், எத்தனைக்குப் பதில் வந்தது என்ற கணக்கு. மூன்றாவது, சமூகத்தின் கோரிக்கையை ஒரு நபரின் பதவியோடு கட்டிவிடக் கூடாது. அவர் விலகினாலும், விலக்கப்பட்டாலும், கோரிக்கை மேசையில் இருக்க வேண்டும்.

பதவி கேட்டு நின்ற ஆண்டுகளைவிட, வாக்குப்பெட்டி முன் நின்ற 2008இல்தான் இந்தச் சமூகத்தின் குரல் புத்ராஜெயா வரை கேட்டது. செனட்டர் பதவி அந்தக் குரலை எடுத்துச் செல்லும் வாகனமாக இருக்கலாம். அந்தக் குரலின் விலையாக இருக்கக் கூடாது.